கடல் கற்பித்த கலைஞர்: எர்னஸ்ட் ஹெமிங்வே

படைப்பாளி ஒருவரின் வாழ்வை ஆராயப் புகுவோர் அவர் கற்ற நூல்களையும் பழகிய சான்றோரையும் முதலில் தேடுவது மரபு. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயைப் பொறுத்தவரை அத்தேடல் நூலகத்தில் தொடங்கினாலும் படகுத்துறையில்தான் நிறைவுறும். அவர் போர்முனையில் நின்றார். பாரிசின் இலக்கிய வட்டங்களில் உலவினார். எருதுப் போர்க் களங்களிலும் ஆப்பிரிக்கக் காடுகளிலும் திரிந்தார். எனினும், அறியாப் பருவத்தில் கையில் எடுத்து முதுமை வரை கீழே வைக்காத கருவிகள் இரண்டே. ஒன்று எழுதுகோல், மற்றொன்று தூண்டில் கோல்.

நெய்தல் திணையை இலக்கணமாகவே வகுத்துக்கொண்ட மொழிக்குக் கடலும் சுறாவும் பரதவர் வாழ்வும் புதியன அல்ல. சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குள் சென்ற தந்தை ஒருவரைக் குறுந்தொகை காட்டுகிறது. அப்பாட்டைக் கற்றோர்க்கு ஹெமிங்வே படைத்த கியூபக் கிழவன் அயலான் அல்லன். ஆனால் அக்கிழவனைப் படைக்கும் தகுதியை ஹெமிங்வே எளிதில் பெற்றுவிடவில்லை. மீன்பிடிப்பு அவருக்கு விளையாட்டாகத் தொடங்கிற்று, செருக்காக வளர்ந்தது, நெடுங்காலத்திற்குப் பின்னரே பணிவாகக் கனிந்தது. அக்கனிவின் வரலாறே அவருடைய கலையின் வரலாறும் ஆகும்.

ஏரியும் ஆறும்

ஹெமிங்வே 1899ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள், சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கிளாரன்ஸ் மருத்துவர். தாய் கிரேஸ் இசைவல்லார். மக்கள் அறுவருள் எர்னஸ்ட் இரண்டாமவர். மிச்சிகன் மாநிலத்தின் வாலூன் ஏரிக்கரையில் அக்குடும்பத்திற்குக் கோடைக்கால வீடு ஒன்று இருந்தது. அங்கேதான் தந்தை மகனுக்குத் தூண்டிலும் துப்பாக்கியும் பிடிக்கக் கற்பித்தார். தாய் கற்பித்த இசை மகனிடம் நிலைக்கவில்லை. தந்தை கற்பித்தது நிலைத்தது. இரைக்குப் பூச்சி பிடிப்பது முதல் பிடித்த மீனைக் கழுவி உண்பது வரை எதனையும் முறைப்படி செய்ய வேண்டும் என்னும் ஒழுங்கு அவர் குருதியில் கலந்தது. பின்னாளில் அவர் எழுத்தில் காணும் செய்நேர்த்திக்கும் வினைமுறை விவரிப்புக்கும் ஊற்றுக்கண் இந்த ஏரிக்கரையே எனலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் கல்லூரிக்குச் செல்லவில்லை. 1917இல் கேன்சஸ் நகர நாளிதழ் ஒன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். சிறு வாக்கியம், தெளிவான சொல், தேவையற்ற அடைகளை விலக்கல் ஆகிய பயிற்சிகளை அங்கே பெற்றார். அடுத்த ஆண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்தி ஓட்டுநராக இத்தாலியப் போர்முனைக்குச் சென்றார். 1918 சூலை 8ஆம் நாள் இரவு, பியாவே ஆற்றங்கரையில் குண்டு வெடித்து, அவர் கால்களில் இருநூறுக்கும் மேற்பட்ட உலோகத் துண்டுகள் பாய்ந்தன. அப்போது அவருக்குப் பத்தொன்பது அகவை நிறையவில்லை.

போரிலிருந்து ஊன்றுகோலுடன் திரும்பிய இளைஞர் 1919ஆம் ஆண்டு நண்பர்களுடன் மிச்சிகனின் வடபகுதியில் உள்ள ஆறு ஒன்றிற்கு மீன் பிடிக்கச் சென்றார். அப்பயணமே, போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் போரின் காயத்தைக் காட்டும் அவருடைய ஆற்றுச் சிறுகதைக்கு வித்தாயிற்று. கூடாரம் அடிப்பதும், வெட்டுக்கிளி பிடிப்பதும், நீரோட்டத்தில் நின்று டிரௌட் மீன் பிடிப்பதுமே அக்கதையின் நிகழ்ச்சிகள். ஆயினும், உள்ளம் உடைந்த ஒருவன் தன்னைத் தானே மெல்ல ஒட்டவைத்துக்கொள்ளும் முயற்சியைக் கூர்ந்து படிப்போர் உணர்வர். சொல்லாததைச் சொல்லியதால் உணர்த்தும் இவ்வுத்தியைப் பின்னர் அவர் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். எட்டில் ஒரு பங்கு நீருக்கு மேல் தெரிய, ஏழு பங்கு நீருக்குள் இருப்பதே அதன் அசைவுக்குக் கம்பீரம் தருகிறது என்பது அவர் கருத்து. இறைச்சிப் பொருளை அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

கீ வெஸ்ட்டில் ஒரு வேனில்

1921இல் ஹாட்லி ரிச்சர்ட்சனை மணந்து பாரிஸ் சென்ற ஹெமிங்வே, 1926இல் வெளிவந்த புதினத்தால் புகழ்பெற்றார். மறு ஆண்டே அந்த மணம் முறிந்து, பாலின் பைஃபர் அவருடைய இரண்டாம் மனைவியானார். 1928 ஏப்பிரலில் இருவரும் பாரிசிலிருந்து ஹவானா வழியாக அமெரிக்காவின் தென்கோடித் தீவாகிய கீ வெஸ்ட்டில் வந்து இறங்கினர். பாலினின் சிற்றப்பா பரிசாக அளித்த ஃபோர்டு மகிழுந்தை அங்கே பெற்றுக்கொண்டு வடக்கே செல்வதே திட்டம். மகிழுந்து வந்து சேரவில்லை. அதனால் விற்பனை நிலையத்தின் மாடியிலேயே தங்க நேர்ந்தது. அந்தத் தாமதம் அமெரிக்க இலக்கியத்திற்கு வாய்த்த நற்பேறாக முடிந்தது.

காலை வேளைகளில் அவர் இத்தாலியப் போரைப் பொருளாகக் கொண்ட புதினத்தை எழுதினார். பிற்பகலில் துறைமேடைகளுக்கும் பாலங்களுக்கும் தூண்டிலுடன் சென்றார். அங்கே கடைக்காரர் சார்லஸ் தாம்சன் நண்பரானார். தம் படகில் அவரை அழைத்துச் சென்றார். மீகாமன் பிரா சாண்டர்ஸ் ஆழமும் நீரோட்டமும் கற்பித்தார். எழுத்தாளர் ஜான் டாஸ் பாசோஸ், ஓவியர் வால்டோ பியர்ஸ் முதலிய நண்பர்கள் அழைப்பை ஏற்று வந்து சேர்ந்தனர். ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடித்துப் பழகியவருக்கு அந்த வேனிலில்தான் கடல் திறந்தது. அதன் வாயிலில் அவரை எதிர்கொண்ட மீன் டார்ப்பன்.

வெள்ளி வேந்தன்

டார்ப்பன் என்பது அட்லாண்டிக் கடலின் கரையோரங்களிலும் கழிமுகங்களிலும் உலவும் பெருமீன். அறிவியலார் அதனை மெகலாப்ஸ் அட்லாண்டிகஸ் என்பர். அதன் சிறிய உறவினம் ஒன்று தமிழகக் கரை உட்பட இந்தியப் பெருங்கடலெங்கும் வாழ்கிறது. அட்லாண்டிக் டார்ப்பன் எட்டடி நீளமும் 250 பவுண்டுக்கு மேற்பட்ட எடையும் எய்தக்கூடியது; ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. அகன்ற செதில்கள் வெயிலில் வெள்ளித் தகடுகளாக ஒளிர்வதால் மீன்பிடிப்போர் அதற்கு வெள்ளி வேந்தன் என்று பெயர் சூட்டினர்.

அதற்கு மற்றொரு வியத்தகு இயல்பும் உண்டு. செவுள்களால் நீரிலிருந்து உயிர்வளியைப் பெறுவதோடு, நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்கி, நுரையீரல் போன்ற நீந்துபையின் வழியாகவும் அது மூச்சு விடும். அதனாலேயே தேங்கிய கழிகளிலும் அதனால் வாழ முடிகிறது. அவ்வாறு மேலெழும்போது நீர்ப்பரப்பில் புரண்டு ஒரு கணம் முதுகைக் காட்டும். அக்குறியைக் கண்டே பிடிப்போர் படகைச் செலுத்துவர். மடவை மீனையும் நண்டையும் இறாலையும் இரையாக இடுவர்.

டார்ப்பனின் வாய் எலும்பால் ஆனது போன்று கடினமானது. தூண்டில் முள் அதில் எளிதாகத் தைக்காது. தைத்தாலும் மீன் ஆளுயரத்திற்கு மேல் துள்ளித் தலையை உதறும். அவ்வேளையில் கயிறு இறுகி நின்றால் ஒன்று கயிறு அறும். அல்லது முள் தெறிக்கும். ஆகவே மீன் துள்ளும் கணத்தில் பிடிப்பவர் முன்னே குனிந்து கோலைத் தாழ்த்திக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். வேந்தனுக்குத் தலைவணங்குதல் என்று அதனைக் கூறுவர். 1885ஆம் ஆண்டு டபிள்யூ. எச். வுட் என்பவர் புளோரிடாவின் மேற்குக் கரையில் கோலும் சுருளும் கொண்டு டார்ப்பனைப் பிடித்த செய்தி பரவும் வரை, ஈட்டி எறிந்தன்றித் தூண்டிலால் அதனைப் பிடிக்க இயலாது என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அந்த ஏப்பிரலில் ஹெமிங்வே 63 பவுண்டு எடையுள்ள டார்ப்பன் ஒன்றைப் பிடித்தார். பருவத்தின் மிகப்பெரிய மீன் அதுவென்று தம் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்சுக்குப் பெருமிதத்துடன் மடல் எழுதினார். புதினத்தின் வளர்ச்சியையும் மீனின் எடையையும் ஒரே மடலில் கணக்குக் காட்டும் இவ்வழக்கம் அவரிடம் பல்லாண்டு நீடித்தது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. டார்ப்பன் முள் மிகுந்த மீன். அமெரிக்கக் கரையில் அதனைப் பெரும்பாலும் எவரும் உண்பதில்லை. அதனைப் பிடிப்பது அடுப்புக்காகவோ அங்காடிக்காகவோ அன்று. போராட்டத்தின் இன்பத்திற்காக மட்டுமே. வாழ்வுக்காகக் கடலில் இறங்கும் பரதவரும் வெற்றிக்காகக் கடலில் இறங்கும் செல்வரும் ஒரே நீரில் மிதந்தாலும் அவர்கள் காணும் கடல் வேறு. 1928இல் ஹெமிங்வே கண்டது இரண்டாவது கடல். முதற்கடலைக் காண அவருக்கு இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

அதே ஏப்பிரலில் புளோரிடாவுக்கு வந்திருந்த பெற்றோரை அவர் கீ வெஸ்ட்டில் எதிர்பாராது சந்தித்தார். தூண்டில் பிடிக்கக் கற்பித்த தந்தையுடன் அவருக்கு வாய்த்த கடைசிச் சந்திப்புகளுள் அது ஒன்று. நோயும் பணக்கவலையும் சூழ்ந்த அம்மருத்துவர் அவ்வாண்டு திசம்பர் 6ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரை மகன் எஞ்ஞான்றும் முழுமையாகக் கடக்கவில்லை.

செருக்கின் காலம்

1929இல் போர்ப் புதினம் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1931இல் கீ வெஸ்ட்டின் வைட்ஹெட் தெருவில் உள்ள பழைய கல்வீடு ஒன்று, பாலினின் சிற்றப்பா அளித்த பணத்தால் ஹெமிங்வேயின் இல்லமாயிற்று. 1932இல் ஜோ ரசல் என்பவரின் படகில் ஹவானாவுக்குச் சென்றார். இரு வாரத்திற்கென்று சென்றவர் இரு திங்கள் தங்கினார். வளைகுடா நீரோட்டத்தின் ஆழநீலத்தில் மார்லின் என்னும் ஈட்டிமூக்குப் பெருமீனை அங்கே கண்டார். கரையோர டார்ப்பன் அதன்பின் அவருக்குச் சிறிதாகத் தோன்றிற்று.

1934இல் நியூயார்க்கின் புரூக்லினில் உள்ள வீலர் பட்டறையில் 38 அடி நீளமுள்ள விசைப்படகு ஒன்றைச் செய்வித்தார். இதழ் ஒன்றிற்கு எழுதவிருந்த கட்டுரைகளுக்காக முன்பணம் பெற்று அதற்கு ஒரு பகுதி விலை கொடுத்தார். பிலார் என்று பெயரிட்ட அப்படகு மனைவியரை விடவும் நெடுங்காலம் அவருடன் வாழ்ந்தது. அவ்வாண்டே பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் கழகத்தினர் மார்லினை ஆராய ஹவானாவுக்கு வந்து அவருடன் கடலில் பயணம் செய்தனர். மீனியல் அறிஞர் ஹென்றி ஃபௌலர் புதிதாக விவரித்த மீன் இனம் ஒன்றிற்கு 1935இல் ஹெமிங்வேயின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் உலக விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தின் துணைத்தலைவராகவும் அவர் பல்லாண்டு விளங்கினார். கூர்ந்து நோக்கலும் குறிப்பெழுதலும் அவரிடம் இருந்தமைக்கு இவை சான்றாகும்.

ஆயினும் அக்காலத்து ஹெமிங்வேயைப் போற்றுவது எளிதன்று. 1935இல் பிமினித் தீவுக்குப் புறப்பட்டபோது, கொக்கியில் மாட்டிய சுறாவைச் சுடப்போய், குண்டு தெறித்துத் தம் கால்களிலேயே காயமுற்றார். உடன் வந்த டாஸ் பாசோசும் அவர் மனைவியும் திகைத்து நிற்கப் படகு கரைக்குத் திரும்பியது. பின்னர் பிமினியில், சுறாக்கள் கடித்துக் குதறாமல் முழு உருவில் பெருஞ்சூரை மீனைக் கரைசேர்த்தவர் என்ற பெயரையும் பெற்றார்.

அப்பருவத்தின் மற்றொரு நிகழ்ச்சி நட்பையே குலைத்தது. ஓவிய நண்பர் மைக் ஸ்ட்ரேட்டர் தம் வாழ்நாளின் மிகப்பெரிய மார்லினைப் படகருகே இழுத்து வந்திருந்தார். சுறாக்கள் சூழ்ந்தன. ஹெமிங்வே இயந்திரத் துப்பாக்கியால் அவற்றைச் சுட்டார். நீரில் பரவிய குருதி மேலும் சுறாக்களை வரவழைத்தது. மார்லினின் பின்பாதியை அவை தின்றுவிட்டன. எஞ்சியதே 500 பவுண்டு இருந்தது. ஹெமிங்வே சுடாதிருந்தால் மீன் முழுமையாகக் கிடைத்திருக்கும் என்று ஸ்ட்ரேட்டர் முதுமை வரை மனம் குமைந்தார். பிறர் பிடித்த பெருமீனைக் கண்டு பொறாத உள்ளம் ஹெமிங்வேக்கு இருந்ததை அவருடைய அன்பர்களும் மறைக்கவில்லை. எனினும், சுறாக்கள் தின்ற அந்தப் பாதி மீனை அவர் கண்கள் மறக்கவில்லை.

புயலும் பிணங்களும்

1935 செப்டம்பர் 2ஆம் நாள் பெருஞ்சூறாவளி புளோரிடாத் தீவுகளைத் தாக்கியது. தீவுகளை இணைத்த இருப்புப்பாதை சிதைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், நெடுஞ்சாலைப் பணிக்காக அரசு கொண்டுவந்து தாழ்வான முகாம்களில் தங்கவைத்திருந்த முன்னாள் போர்வீரர்கள். அவர்களை மீட்க அனுப்பிய தொடர்வண்டி காலம் கடந்தே வந்தது. வந்ததையும் அலை கவிழ்த்தது.

ஹெமிங்வே நண்பர்களுடன் படகில் உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சென்றார். உதவி பெற அங்கே உயிர்கள் எஞ்சியிருக்கவில்லை. கண்டல் மரங்களின் வேர்களில் சிக்கி ஊதிய உடல்களையே கண்டார். 1918க்குப் பின் அத்தனை பிணங்களை ஒருசேர அவர் கண்டதில்லை. விளையாட்டுக்காக வந்த செல்வர்கள் தம் படகுகளுடன் புயற்காலத்தில் விலகிச் செல்ல வழி இருந்தது. போக்கிடமற்ற ஏழை வீரர்களுக்கு இல்லை. அவர்களை அந்தப் பருவத்தில் அங்கே விட்டுவைத்தவர் யார் என்று கேட்டுச் சினம் கொதிக்கும் கட்டுரை ஒன்றை இடதுசாரி இதழில் எழுதினார். கடலை வெற்றிக்களமாக மட்டும் கண்டவரின் எழுத்தில் மற்றொரு கடல் எட்டிப்பார்த்த இடம் அது.

கேட்ட கதை

ஹவானாவில் ஹெமிங்வேக்குத் துணையாயிருந்தவர் கார்லோஸ் குட்டியெரெஸ் என்னும் முதிய கியூபப் பரதவர். மார்லினின் பழக்கவழக்கங்களையும், இரையை எவ்வெவ் ஆழத்தில் இறக்குவது என்பதையும் அவரே கற்பித்தார். அவர் வாய்வழிக் கேட்ட நிகழ்ச்சி ஒன்றை ஹெமிங்வே 1936 ஏப்பிரலில் ஓர் இதழ்க் கட்டுரையின் இடையே ஒரே பத்தியில் எழுதினார்.

சிறுபடகில் தனியே சென்ற முதியவர் ஒருவரின் தூண்டிலில் பெரிய மார்லின் சிக்கியது. அது படகை இழுத்துக்கொண்டு நெடுந்தொலைவு சென்றது. இரண்டு நாள் கழித்து, அறுபது மைல் கிழக்கே, பிற பரதவர் அவரைக் கண்டெடுத்தனர். படகோடு பிணைத்திருந்த மீனில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. அதுவே 800 பவுண்டு. சுறாக்களோடு தனியே போரிட்டுச் சோர்ந்த முதியவர், இழப்பைத் தாங்காது, சித்தம் கலங்கியவர் போல் அழுதுகொண்டிருந்தார். படகைச் சுற்றிச் சுறாக்கள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன.

இவ்வளவே அக்கதை. இதனை வைத்து ஒரு பெருங்கதை எழுதலாம் என்று 1939இல் பெர்கின்சுக்கு அவர் எழுதினார். ஆனால் எழுதவில்லை. வித்து நிலத்தில் கிடந்தது; மழைக்குக் காத்திருந்தது.

அக்காலத்திற்குள் வாழ்க்கை பலமுறை திரும்பியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குச் செய்தியாளராகச் சென்றார். பாலினைப் பிரிந்து 1940இல் மார்த்தா கெல்ஹார்னை மணந்தார். ஹவானாவை அடுத்த சான் பிரான்சிஸ்கோ தெ பௌலாவில், ஃபின்கா விகியா என்னும் குன்றின்மேல் வீட்டை விலைக்கு வாங்கிக் குடியேறினார். இரண்டாம் உலகப் போரின்போது செருமானிய நீர்மூழ்கிகளைத் தேடிப் பிலாரில் அலைந்தார். 1946இல் மேரி வெல்ஷ் நான்காம் மனைவியானார். 1938 முதல் பிலாரைப் பேணியவர் கிரிகோரியோ ஃபுயன்தெஸ். கோஜிமார் என்னும் மீனவச் சிற்றூரில் வாழ்ந்த இவரே கதைக் கிழவனின் மூலம் என்று பலர் கருதுவர். உருவத்திற்கும் பேச்சிற்கும் இவர் உதவியிருக்கலாம். ஆனால் கதையின் கரு, இவர் பிலாரில் பணியேற்கும் முன்னரே, 1936இல் அச்சேறிவிட்டது என்பதை மறத்தல் கூடாது.

கிழவன் பிறந்த கதை

1950இல் வெளிவந்த ஹெமிங்வேயின் புதினத்தைத் திறனாய்வாளர் கடுமையாகச் சாடினர். அவருடைய ஆற்றல் வற்றிவிட்டது என்றும், அவர் தம்மைத் தாமே போலச்செய்கிறார் என்றும் எழுதினர். அகவை ஐம்பதைக் கடந்த படைப்பாளிக்கு அதனினும் கொடிய தீர்ப்பு இல்லை. தூண்டில் போட்டும் மீன் படாத நாள்களின் வெறுமை இப்போது அவருடைய சொந்த அனுபவமாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட கிழவன் அப்போதுதான் அவருக்குள் விழித்தெழுந்தான்.

1951இன் தொடக்கத்தில் சில வாரங்களிலேயே அக்குறும்புதினத்தை எழுதி முடித்தார். தமிழ் வாசகர்கள் 'கடலும் கிழவனும்' என்று அறிந்த நூல் அது. 84 நாள் மீன் கிடைக்காத சந்தியாகோ 85ஆம் நாள் தனியே நெடுங்கடலுக்குச் சென்று, பதினெட்டடி மார்லினைப் பிடித்து, அதனைச் சுறாக்களுக்கு இழந்து திரும்புகிறான்.

கேட்ட கதையில் அவர் செய்த மாற்றங்களைக் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். உண்மை நிகழ்ச்சியில் முதியவரைப் பிறர் மீட்டனர். கதையில் கிழவன் தானே பாய்மரத்தைச் செலுத்தித் துறைக்கு வருகிறான். உண்மையில் பாதி மீன் எஞ்சியது. கதையில் எலும்புக்கூடு மட்டுமே எஞ்சுகிறது. உண்மையில் முதியவர் அழுதார்; கதையில் அவனைக் கண்டு சிறுவன் அழுகிறான். இழப்பைப் பெருக்கி அழுகையைக் குறைத்தார். அழுகையையும் அன்புடையவன் கண்களுக்கு மாற்றினார். டார்ப்பன் துள்ளும்போது கயிற்றைத் தளர்த்தக் கற்ற கை, உணர்ச்சி துள்ளும் இடத்தில் சொல்லைத் தளர்த்தியது.

அதனினும் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. சந்தியாகோவுக்கு மீன்பிடிப்பு விளையாட்டன்று. உணவும் தொழிலும் அதுவே. தான் கொல்லும் மீனை அவன் உடன்பிறப்பாக மதிக்கிறான். அதனை உண்ணும் தகுதி மாந்தர்க்கு உண்டோ என்று ஐயுறுகிறான். அளவுக்கு மீறி வெளியே சென்றமைக்காகத் தன்னையே நொந்துகொள்கிறான். பிமினியில் இயந்திரத் துப்பாக்கியுடன் நின்றவரின் குரல் அன்று இது. பெருமீன் பிடித்தல் வெற்றி என்று நம்பிய ஒருவர், அதனை இழந்தவனைத் தலைமகனாக்கிய இடத்தில்தான் அவர் கலை முழுமை பெற்றது.

கதையின் இறுதியில், துறையில் மிதக்கும் எலும்புக்கூட்டைக் காணும் அமெரிக்கச் சுற்றுலாப் பயணியர் அதனைச் சுறாவின் எலும்பென்று தவறாகக் கருதிப் போகின்றனர். ஃபோர்டு மகிழுந்துக்காக வந்திறங்கி, மீனின் எடையை மடலில் எழுதிப் பெருமிதம் கொண்ட இளைஞரும் ஒருகால் அத்தகைய பயணியாகவே இருந்தார். அந்தச் சில வரிகளில் ஆசிரியர் தம் கடந்த காலத்தின்மீதும் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று கொள்வது தவறாகாது.

புகழும் முடிவும்

அக்குறும்புதினம் 1952 செப்டம்பரில் இதழ் ஒன்றில் முழுமையாக வெளிவந்தது. ஐம்பது இலக்கம் படிகள் இரண்டே நாளில் விற்றன. 1953இல் புலிட்சர் பரிசும் 1954இல் நோபல் பரிசும் கிடைத்தன. 1954 சனவரியில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரு வானூர்தி விபத்துகளில் சிக்கிக் கடுங்காயமுற்றதால் ஸ்டாக்ஹோமுக்குச் செல்ல அவரால் இயலவில்லை. நோபல் பதக்கத்தைக் கியூப மக்களுக்கு உரியதாக்கி, அம்மக்கள் போற்றும் எல் கோப்ரே மாதா திருக்கோயிலில் சேர்ப்பித்தார். கதையைத் தந்த கரைக்கு அவர் செலுத்திய கடன் அது.

விபத்தில் உடைந்த உடல் தேறவில்லை. 1960இல் கியூபாவை விட்டுப் புறப்பட்டார். பிலாரை மீண்டும் காணவில்லை. உளச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி மருத்துவம் அளித்தனர். அது நினைவைச் சிதைத்தது. எழுத்தாளரின் முதல் இழந்து போயிற்று. 1961 சூலை 2ஆம் நாள், ஐடகோ மாநிலத்தின் மலையூராகிய கெச்சமில், தந்தை சென்ற வழியிலேயே தம் வாழ்வை முடித்துக்கொண்டார். கிழவனைத் தோற்கவிடாமல் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவருக்குத் தம் படகைத் துறைசேர்க்க இயலவில்லை. இம்முரணைக் கொண்டு அவர் படைப்பைத் தாழ்த்துதல் முறையன்று. அக்கிழவனின் உறுதி எத்தகைய இருளுக்கு எதிரே நின்று படைக்கப்பட்டது என்பதையே இம்முடிவு உணர்த்துகிறது.

கோஜிமார் பரதவர் அவர் மறைவுக்குப் பின் தம் படகுகளின் பழைய சுழல்விசிறி முதலிய உலோகப் பொருள்களைத் திரட்டி, அவற்றை உருக்கி, மார்பளவுச் சிலை ஒன்றைத் துறையருகே 1962இல் எழுப்பச் செய்தனர். நோபல் பரிசினும் அச்சிலை பெரிதெனக் கருதத்தக்கது. தம் தொழிற்கருவியின் உலோகத்தை அயல்நாட்டார் ஒருவருக்கு உருவாக்கித் தந்த அவர்கள், அவரைப் பயணியர் வரிசையிலிருந்து நீக்கித் தம்முள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டனர்.

பிலார் படகு ஃபின்கா விகியா அருங்காட்சியகத்தில், அலையில்லாத தரையில் நிற்கிறது. புளோரிடாவில் 2013 முதல் டார்ப்பனைப் பிடிப்போர் அதனை மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும் என்பது பொதுவிதியாகியுள்ளது. தூக்கித் தொங்கவிட்டு நிழற்படம் எடுத்த காலம் போய், வேந்தனுக்குத் தலைவணங்கிக் கடலுக்கே திருப்பியனுப்பும் காலம் வந்துள்ளது. அந்த மாற்றத்தைச் சட்டம் செய்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் எலும்புக்கூட்டைக் கரைசேர்த்த கிழவனின் நெஞ்சில் அவனைப் படைத்தவர் அதனைச் செய்திருந்தார்.